பழைய பிக்கப்புக்குப் பொலிஸ் காரின் கால்கள்

கராஜ் கேள்வி – பதில்

சென்ற இதழில் குளிர்கால ரயர் பற்றி எழுதும்போது, என்னுடைய 1968 ஃபோர்ட் எஃப்-100 பிக்கப்பின் முன்பக்கக் கீழ்ப்பகுதி முழுவதும் ஒரு பழைய பொலிஸ் காரில் இருந்து கழற்றியது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். ரயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதம் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ரொறன்ரோவைச் சுற்றி நம்மவர்கள் இத்தனை பேர் பழைய பிக்கப்பைத் தார்ப்பாயால் மூடி வைத்துக்கொண்டு, மனைவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

கேள்வி: அண்ணை, போன கோடையில் பீற்றர்பரோப் பக்கம் ஒரு பண்ணையில் 1967 மேர்க்குரி எம்-100 பிக்கப் வாங்கினேன். மேர்க்குரி கொம்பனி பிக்கப் செய்ததே இல்லை, உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மச்சான் சிரிக்கிறான். அது போகட்டும். 401 நெடுஞ்சாலையில் ஏறினால் லொறி தன் எண்ணத்துக்குப் போகிறது. ஸ்டியரிங்கைப் பிடிப்பது கிடாயைக் கயிற்றில் பிடிப்பது போல இருக்கிறது. பிறேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. நண்பர் ஒருவர் 2008 ஃபோர்ட் கிறவுண் விக்டோரியாப் பொலிஸ் கார் ஒன்றை 1,800 டொலருக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கவா?
— ம. ச., மார்க்கம்

பதில்: முதலில் மச்சானுக்கு. மேர்க்குரி பிக்கப் கனடாவுக்கென்றே இருந்த வண்டி. அந்தக் காலத்தில் சில சின்ன ஊர்களில் ஃபோர்ட் விற்பவர் இருக்க மாட்டார், மேர்க்குரி விற்பவர் இருப்பார். அவருக்கும் விற்க ஒரு லொறி வேண்டுமே என்று ஃபோர்ட் லொறிக்கு மேர்க்குரி என்று பெயர் அடித்துக் கொடுத்தார்கள். 1968 ஓடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காக்காரர் பலருக்கே இது தெரியாது, மச்சானைக் குறை சொல்ல முடியாது. பெயரையும் சில அலங்காரத்தையும் விட்டால் உங்களுடையது எஃப்-100 தான். எஃப்-100 இன் சாமான் அப்படியே பொருந்தும்.

இனி நோய்க்கு வருவோம். 1965 இல் இருந்து ஃபோர்ட் இந்தப் பிக்கப்புகளுக்கு இரட்டை ஐ-பீம் என்ற முன்னச்சைப் போட்டது. இரண்டு நீளமான இரும்புக் கைகள். ஒவ்வொன்றும் தன் சில்லில் இருந்து புறப்பட்டு, நடுவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் போய்க் கொளுவியிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் சில்லு நேரே மேலும் கீழும் போகாது. ஊஞ்சல் மாதிரி வளைந்து போகும், அதனால் சில்லின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு பண்ணை ரோட்டில் போவதற்கு அருமையான அச்சு, லேசில் உடையாது. 401 க்கென்று செய்ததல்ல.

ஆனாலும் கார் வாங்க முன்னம் ஒரு சனிக்கிழமையை எனக்காகச் செலவழியுங்கள். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சில்லை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால், சில்லு இடம் வலம் திரும்பும் முளையான கிங்பின் தேய்ந்துவிட்டது. ஐ-பீமைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். ஐம்பது வருடத்தில் அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்திருக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பிய பிறகு சில்லு அசையத் தொடங்குகிறது என்று பாருங்கள். பிறேக் ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் ஒரு டிரம்முக்குள் எண்ணெய் கசிவதால். இவற்றைச் சரிசெய்தாலே பாதி நோய் போய்விடும். என்னிடம் வந்த இரண்டு பேர் அதோடு திருப்திப்பட்டு, சேஸியை வெட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், வாங்குங்கள். முழுக் காரையும், ஓடுகிற நிலையில், திறப்போடு வாங்குங்கள். அச்சை ஒரு இடத்தில், எஞ்சினை இன்னொரு இடத்தில், வயரை மூன்றாம் இடத்தில் என்று சேர்த்தவன் நான். 2004 இன் அச்சு, 2001 இன் எஞ்சின், 2006 இன் பெடல். மூன்றும் ஃபோர்ட்தான், ஒன்றுக்கு மற்றது அந்நியம். பதினான்கு மாதம் போனது. ஒரே காரில் இருந்து எடுத்திருந்தால் அதில் பாதிக்கு மேல் போயிராது.

2003 க்கும் 2011 க்கும் இடைப்பட்ட கிறவுண் விக்டோரியாவை எல்லோரும் தேடுவதற்குக் காரணம், அதன் முன்பகுதி ஒரே பொட்டலமாக வருவதுதான். அலுமினியத்தால் வார்த்த ஒரு குறோஸ்மெம்பர், அதாவது குறுக்குச் சட்டம். அதிலேயே மேல்கை, கீழ்கை, சுருள்வில், ஷொக், ஸ்டியரிங் றாக், எஞ்சின் உட்காரும் இடம் எல்லாம் இருக்கிறது. போல்டுகளைக் கழற்றினால் முழுவதும் ஒன்றாகக் கீழே இறங்கும். 2003 க்கு முந்தியதில் றாக் இல்லை, பழைய மாதிரி ஸ்டியரிங் பெட்டிதான், அதைத் தொடாதீர்கள்.

இறக்குவது சுலபம் என்று சொன்னது ஃபுளோரிடாக் காருக்கு. ஒன்ராறியோக் காருக்கு உப்பு இருக்கிறது. இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள் பத்துப் பதினைந்து குளிர்காலம் இருந்தால் கறளும் வெள்ளைப் பொடியும் சேர்ந்து ஒட்டிவிடும். ஒரு கிழமைக்கு முன்னமே ஒவ்வொரு நாளும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். வராவிட்டால் சூடு காட்டுங்கள். நீளக் குழாய் போட்டுத் தொங்காதீர்கள்.

இப்போது மிக முக்கியமான வேலை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பிக்கப்பின் ஒரு போல்டைத் தொட முன்னம், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லின் நடுவில் இருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் அது தொடும் இடத்தையும், அதற்கு நேரே சேஸியில் வரும் இடத்தையும் ஆணியால் கீறி, குத்துப்பொட்டு வையுங்கள். இரண்டு பக்கமும். பழைய அச்சைக் கழற்றிவிட்டால் சில்லின் நடு எங்கே இருந்தது என்று சொல்ல அந்த வண்டியில் வேறு சாட்சி இல்லை. நான் சோக் கட்டியால் அடையாளம் வைத்தேன். மழை ஈரத்தில் அழிந்துவிட்டது. சில்லு ஒரு இஞ்சி பின்னால் போய்விட்டது. ஒரு இஞ்சிதானே என்பீர்கள்; மட்கார்டின் வளைவுக்குள் பார்த்தால், சப்பாத்தை மாற்றிப் போட்டவன் நிற்பது போல இருந்தது. திரும்ப வெட்டினேன்.

அலுமினியத் துண்டைச் சேஸியோடு ஒட்ட (வெல்ட் பண்ண) முடியாது. இரும்புத் தகட்டுப் பிடிகளைச் சேஸியில் ஒட்டி, அந்தப் பிடிகளில் குறோஸ்மெம்பரைப் போல்ட் பண்ண வேண்டும். சேஸி இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும். வெட்டிய இடத்தைத் தகடு வைத்துப் பெட்டியாக மூடாவிட்டால் அங்கேயே மடியும். பிடிகள் செய்து விற்கிறார்கள். வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒட்டும் வேலையை உரிமம் உள்ள வெல்டரிடம் கொடுங்கள். நான் முப்பது வருடம் கராஜ் நடத்தியவன், எனக்கும் வெல்டிங் தெரியும். இதை நான் ஒட்டவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த அச்சு அகலம். கிறவுண் விக்டோரியாவின் சொந்தச் சில்லுகள் உட்பக்கம் ஆழமாகப் பதிந்து உட்காரும்படி செய்தவை. அவற்றைப் போட்டால் மட்கார்டுக்குள் வடிவாக நிற்கும். கண்ணுக்குப் பிடித்த வேறு சில்லைப் போட்டால் ரயர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், மழையில் கதவு முழுக்கச் சேறு.

கேள்வி: ஐயா, நான் டாக்சி ஓட்டியவன். பொலிஸ் கார், டாக்சி, வயதுபோன வெள்ளைக்காரியின் கார், இந்த மூன்றில் எதை உடைத்துச் சாமான் எடுப்பது நல்லது?
— வாசகர், பிரம்டன்

பதில்: நீங்களே பதில் சொல்லக்கூடிய கேள்வி! டாக்சியின் தூரம் மீற்றரில் நேர்மையாகத் தெரியும். பொலிஸ் கார் பொய் சொல்லும். டோனட் கடை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் மணிக்கணக்காக நிற்கும் கார் அது. கிலோமீற்றர் ஏறாது, எஞ்சின் தேயும். ஒரு மணித்தியாலம் சும்மா நின்று ஓடுவது ஏறத்தாழ 53 கிலோமீற்றர் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டே சொன்ன கணக்கு. பிந்திய வருடப் பொலிஸ் மாடல்களில் இந்த நின்ற நேரத்தைக் காட்டும் மணிக்கணக்கு மீற்றரிலேயே இருக்கிறது, பொத்தானை அழுத்திப் பாருங்கள். 4,000 மணி என்றால், காட்டுகிற தூரத்தோடு இன்னும் 2,12,000 கிலோமீற்றரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் நான் பொலிஸ் காரைத்தான் எடுப்பேன். எஞ்சின் எண்ணெய்க்குத் தனிக் கூலர், பெரிய ஓல்டர்னேற்றர், பாரமான ஸ்பிறிங் எல்லாம் அதில் இருக்கிறது. 4.6 லீற்றர் வி8, பிந்திய வருடங்களில் 250 குதிரைவலு. லிங்கன் டவுண் காரும் அடியில் அதே சாமான்தான். பியர்சன் விமான நிலையத்தில் நம்முடைய எத்தனை பேரின் வீட்டுக் கடனை அது கட்டியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழவியின் கார் கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் அப்படிச் சொல்லி விற்கப்படும் காரில் பாதிக்கு ஒரு கிழவியும் இருந்ததில்லை.

வருடம் தெரிவு செய்ய முடிந்தால் 2003 அல்லது 2004. புதிய அச்சும் வந்துவிட்டது, அக்சிலரேற்றருக்கு இன்னும் கேபிளும் இருக்கிறது. 2005 இல் இருந்து பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வயர் மட்டும்தான். அது கெட்டது அல்ல, பெடலையும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். மார்க்கம்காரரின் 2008 க்கும் இது பொருந்தும்.

இந்தக் கிறவுண் விக்டோரியாக்கள் எல்லாம் இங்கேதான், ஒன்ராறியோவின் செயின்ற் தோமஸ் ஊரில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை 1967 இல் திறந்து 2011 செப்டெம்பரில் மூடியது. மார்க்கம்காரரின் மேர்க்குரியும் அந்தத் தொழிற்சாலையும் ஒரே வயது.

கேள்வி: என் கணவரின் 1970 எஃப்-100 இல் பெற்றோல் தாங்கி எங்கள் இருக்கைக்குப் பின்னால், கபினுக்குள்ளேயே இருக்கிறது. திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் 'சளக் சளக்' என்று கேட்கிறது. மகள் ஏறவே மாட்டேன் என்கிறாள். அவர், "அது அப்படித்தான் வந்தது" என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, ஏஜக்ஸ்

பதில்: அவர் சொல்வது உண்மை, மகள் சொல்வது சரி. 1972 வரை அப்படித்தான் வந்தது. 1973 இல் ஃபோர்டே அதைக் கபினுக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. பின் பெட்டிக்கு அடியில், சேஸியின் இரண்டு தண்டுகளுக்கும் நடுவே ஒரு தாங்கி வைப்பதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. மூச்சுக் குழாயையும் நிரப்பும் குழாயையும் ஒழுங்காக எடுத்துவிட வேண்டும்.

அவர் புதிய எஞ்சின் போடப்போகிறார் என்றால் தாங்கியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் தங்கச்சி. பழைய கார்புரேற்றருக்கு ஐந்தாறு பவுண்ட் அழுத்தம் போதும், கிறவுண் விக்டோரியாவின் எஞ்சினுக்கு நாற்பது பவுண்ட் அளவில் வேண்டும். அதற்குப் பம்ப் தாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கி இருக்க வேண்டும், வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஓடினாலும் பம்புக்கு எட்டும்படி உள்ளே தடுப்பும் வேண்டும். பழைய ரப்பர்க் குழாயும் கிளிப்பும் அந்த அழுத்தத்துக்கு ஆகாது. இதை அவரிடம் காட்டுங்கள். செலவைச் சொல்லாமல் காட்டுங்கள்.

தாங்கி போன இடத்தில் இருக்கைக்குப் பின்னால் நல்ல இடம் கிடைக்கும். என் மனைவி அதில் கடை மரக்கறிப் பைகளை வைக்கிறாள்.

கேள்வி: உங்களைப் போலத்தான், எஞ்சின், கியர்ப்பெட்டி, கணினி எல்லாம் போட்டு முடித்தேன். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இரண்டு பிளக் மாற்றினேன், பம்ப் மாற்றினேன், ஒரு மெக்கானிக் 600 டொலர் வாங்கிவிட்டு "வயரில் பிழை" என்றார்.
— தி. கு., மிசிசாகா

பதில்: திறப்பு எந்தத் திறப்பு? லொறியின் பழைய திறப்பு என்றால் பெரும்பாலும் அதுதான் வியாதி. பொலிசுக்கு அல்லாமல் வீட்டுக்கென்று விற்ற கிறவுண் விக்டோரியாவின் திறப்புக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது (வண்டிச் சில்லு அல்ல, மின்னணுச் சில்லு). திறப்பு போகும் துளையைச் சுற்றி ஒரு வளையம் அதை வாசித்து, இது நம்ம திறப்பு என்று கணினிக்குச் சொன்னால்தான் கணினி எஞ்சினை ஓட விடும். அது கள்ளனுக்காகச் செய்த ஏற்பாடு. உங்களுடைய எஞ்சினின் கணக்கில் இப்போது நீங்கள்தான் கள்ளன்.

இரண்டு வழி. திறப்பு, வளையம், கணினி மூன்றும் ஒரே காரில் இருந்து வந்ததாக இருந்தால், வளையத்தையும் அதன் வயரையும் டாஷ்போர்டுக்குக் கீழே மறைத்துப் பூட்டி, திறப்பை அதன் பக்கத்திலேயே கட்டிவிடலாம். பிறகு பழைய திறப்பாலேயே திருப்பலாம். களவுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும், அது உங்கள் விருப்பம். இல்லாவிட்டால், கணினியின் மென்பொருளைத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து அந்தப் பகுதியை நிறுத்தச் சொல்லுங்கள். கியர்ப்பெட்டியை ஆட்டுவிப்பதும் அதே கணினிதான், ஆகவே ரயரின் அளவையும் பின் அக்சிலின் பல் விகிதத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கியர் தப்பான நேரத்தில் விழும்.

உங்கள் அடுத்த கேள்வியையும் நானே சொல்கிறேன்: ஸ்பீடோமீற்றர் அசையாது. பழையது கேபிளில் சுற்றுவது, புதிய கியர்ப்பெட்டியில் கேபிளுக்கு இடம் இல்லை. மின் சமிக்ஞையை வாங்கிக் கேபிளைச் சுற்றிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. பழைய முகப்பை வைத்திருக்க விருப்பம் என்றால் அதை வாங்குங்கள்.

கேள்வி: முன்பக்கம் கிறவுண் விக்டோரியா போட்டாயிற்று. பின்னால் ஃபோர்டின் புகழ்பெற்ற 9 இஞ்சி அக்சில் இருக்கிறதே, அதை அப்படியே விடலாமா? முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்து போல்ட்தானே?
— வாசகர், மொன்றியல்

பதில்: ஐந்துதான், ஆனால் அந்த ஐந்தும் இந்த ஐந்தும் வேறு. பிக்கப்பில் போல்டுகள் நிற்கும் வட்டம் 5.5 இஞ்சி, காரில் 4.5 இஞ்சி. விட்டால் நீங்கள் இரண்டு மேலதிக ரயர் சுமக்க வேண்டும். நடுவழியில், மழையில், இரவு பதினொரு மணிக்கு ரயர் போகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

9 இஞ்சி அக்சில் உண்மையில் இரும்பாலான யானை. அதை எறிய எனக்கும் மனம் வரவில்லை. அக்சில் தண்டுகளின் முகத்தில் புதிய வட்டத்துக்குத் துளை போடுவிக்கலாம், அல்லது வேறு தண்டு வாங்கலாம். மலிவான வழி, 1995 க்கும் 2001 க்கும் இடைப்பட்ட ஃபோர்ட் எக்ஸ்புளோரரின் 8.8 இஞ்சி அக்சில். அதுவும் 4.5 வட்டம், டிஸ்க் பிறேக்கோடு வரும், அதுவும் உங்கள் பிக்கப்பைப் போல லீஃப் ஸ்பிறிங்கில் (பட்டைவில்லில்) உட்கார்ந்த அக்சில்தான். குறை, அது பிக்கப்புக்கு ஒடுக்கம். சில்லு மட்கார்டுக்குள் புதைந்து நிற்கும். அதற்கேற்ற சில்லுகளோ தரமான இடைத்தட்டுகளோ வேண்டும். குழாய்கள் நடு வார்ப்போடு சேரும் இடத்தை ஒரு வெல்டரிடம் காட்டிச் சுற்றி ஒட்டுவியுங்கள்.

கிறவுண் விக்டோரியாவின் பின் அக்சிலை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அது சுருள்வில்லிலும் நாலு கைகளிலும் பின்னால் ஒரு குறுக்கு இணைப்பிலும் தொங்குவது. அதைக் கொண்டுவர வேண்டும் என்றால் சேஸியின் பின்பாதியையே திரும்பக் கட்ட வேண்டும். எனக்கு வயது போதாது.

கேள்வி: எனக்கு வெட்டுவது, ஒட்டுவது ஒன்றும் வேண்டாம். நல்ல பிறேக் மட்டும் போதும். 1969 எஃப்-100, நாலும் டிரம்.
— பெ. ந., விற்பி

பதில்: உங்களுக்குத்தான் இந்த இதழில் மிக மலிவான பதில். 1970 களின் பிற்பகுதியில் வந்த எஃப்-100 ஒன்றைத் தேடுங்கள். அதுவும் இரட்டை ஐ-பீம்தான், ஆனால் டிஸ்க் பிறேக்கோடு. அதன் இரண்டு பீம், ரேடியஸ் ஆர்ம், ஸ்பிண்டில் (சில்லு சுழலும் தண்டு), காலிப்பர் (டிஸ்கைக் கவ்வும் பிடி) எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி உங்களுடையதில் பூட்டலாம். ஸ்பிண்டிலை மட்டும் எடுத்து உங்கள் பழைய பீமில் போடப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். போல்ட் வட்டம் அதே 5.5, ஆகவே பின்னால் ஒன்றும் தொடத் தேவையில்லை. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்பின் அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வு மூன்றும் அதே வண்டியில் இருந்தே வரட்டும். கிங்பின்னைப் புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். பெடலைத் தொட்டதும் முன்பக்கம் குனிந்து வணக்கம் சொல்லும்.

உண்மையைச் சொன்னால், எழுதி வந்தவர்களில் பத்துப் பேருக்கு எட்டுப் பேருக்கு இதுவே போதும்.

கேள்வி: இப்படி மாற்றிய வண்டிக்கு ஒன்ராறியோவில் பழமை வாகனத் தகடு கிடைக்குமா?
— வாசகர், ஓஷாவா

பதில்: கிடையாது. 30 வருடம் ஆகியிருக்க வேண்டும், தொழிற்சாலையில் இருந்து வந்தபடி பெரும்பாலும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பொலிஸ் காரின் எஞ்சினை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாரணத் தகடு போடுங்கள், அதனால் வேலைக்கும் கடைக்கும் ஓடலாம். பழமைத் தகட்டோடு அணிவகுப்புக்கும் கண்காட்சிக்கும் அப்படியான பயணங்களுக்கும்தான். சாதாரண வாகனங்களுக்கான புகைச் சோதனையை மாகாணம் 2019 ஏப்பிரலில் நிறுத்திவிட்டது, அது ஒரு நிம்மதி. காப்புறுதிக்காரரிடம் வெட்ட முன்னமே சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். வண்டியின் பெறுமதியை முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ளும் காப்புறுதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று உங்கள் பதினான்கு மாத வேலைக்கு இரும்பு விலைதான் தருவார்கள்.

கேள்வி: இந்தச் சஞ்சிகையை மாமா அனுப்புவார். இங்கே அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 பிக்கப் மாட்டுக்கொட்டிலில் நிற்கிறது. ஜப்பான் காரின் 1300 சிசி எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒன்றாகக் கிடைக்கிறது. போட்டால் ஓடுமா?
— ஜெ. அ., கொக்குவில்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் இந்தத் தொழிலைக் கற்றது ஏ40 க்குக் கீழேதான். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலம். கொஞ்சப் பெற்றோலை ஒரு சின்னப் போத்தலில் இருந்து கார்புரேற்றருக்கு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வரும் புகையில் ஒழுங்கையே மறையும். அப்போது ஒரு கார் ஓடினால் அதற்குள் நாலு காரின் சாமான் இருக்கும். இங்கே வந்து பார்த்தால் அதையே பொழுதுபோக்கு என்கிறார்கள்.

எஞ்சின் ஓடும். ஆனால் முதலில் பிறேக்கைப் பாருங்கள். ஏ40 டெவன் வகை என்றால் முன்னுக்கு மட்டும்தான் எண்ணெய்ப் பிறேக், பின்னுக்குக் கம்பி இழுவை. 40 குதிரைவலு எஞ்சினுக்கு அது போதும் என்று நினைத்துச் செய்தது. அதற்குப் பின் வந்த சோமர்செற்றில் நாலும் எண்ணெய்ப் பிறேக். அப்படி நாலும் மாறாமல் புதிய எஞ்சினைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, ஏ40 இல் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு பூட்டியிருக்கும். ஜப்பான் எஞ்சினுக்கு எதிர்முனை. பழைய படியே பூட்டித் திறப்பைத் திருப்பினால் ஓல்டர்னேற்றர் அந்த நிமிடமே போய்விடும். பழைய வயரையும் நம்பாதீர்கள், துணி சுற்றிய வயர், எலிக்குப் பிரியமானது. மூன்றாவது, பின் அக்சிலின் பல் விகிதம் மெதுவான எஞ்சினுக்கு என்று போட்டது. வேகமாகப் போனால் புதிய எஞ்சின் கத்தும். அந்த ஜப்பான் கார் பின்சில்லு இழுப்பதாக இருந்தால் அதன் அக்சிலையும் விலை பேசுங்கள். முன்சில்லு இழுப்பதாக இருந்தால் எஞ்சினையே வாங்காதீர்கள்.

எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. காசு கொடுக்க முன்னம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, எஞ்சின் வாங்கியதற்கு ஒழுங்கான பற்றுச்சீட்டு எடுங்கள். அப்பாவின் பழைய எஞ்சினை விற்றுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, சாக்கால் சுற்றி, மேலே பரணில் வையுங்கள். இடம் போதாது என்று அம்மா சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இவ்வளவும் சொல்கிறீர்களே, உங்கள் சொந்த லொறி ஓடுகிறதா?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: கையெழுத்து தெரிந்த கையெழுத்தாக இருக்கிறது. ஓடுகிறது. போன ஞாயிறு பெல்வில் வரை போய் வந்தேன், 110 இல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு. வலப்பக்கக் கதவுக் கண்ணாடி இன்னும் ஏறாது, அதற்கு ஒரு பழைய கதவு தேடிக்கொண்டிருக்கிறேன். ஹீற்றர் வேலை செய்வது காலுக்கு மட்டும்தான். நீ கேட்ட மரக்கறிப் பை இன்னும் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது, எடுத்துவைக்க மறந்துவிட்டேன்.